முப்பதில் நிறுத்திய வெளிச்சம்

தெருவில் அவரை மீட்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் படித்துக் குறித்தவர். பணம் கட்டாத வீட்டில் இணைப்பைத் துண்டிக்க ஆள் வரும்போது உடன் நிற்க வேண்டியதும் அவர் வேலைதான். அந்த வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நம் வாசலில் இப்படி யாரும் வந்து நின்றுவிடக் கூடாது என்ற பயம் அவருக்குள் ஊறிப்போயிருந்தது.

ஓய்வு பெற்றதும் அந்தப் பயம் மொத்தமாக டிவியின் மேல் இறங்கியது. அவர் மனைவி தையல் ஆலையில் காலர் தைத்தே முதுகு ஓய்ந்து வீட்டோடு இருந்தவள். மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை தொடர்கள் பார்ப்பாள். அவளுக்கு இருந்த பொழுதுபோக்கு அது ஒன்றுதான். அதற்கு அவர் சட்டம் போட்டார். ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவர் சுவிட்சையும் அணைக்க வேண்டும். சேனல்களில் பார்க்காததையெல்லாம் வெட்டிவிட்டார். கடைசியாகத் திரையின் வெளிச்சத்தை நூறிலிருந்து முப்பதுக்குக் குறைத்துவிட்டு, வெளியே போய் மீட்டரைப் பார்த்து வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நான் மூச்சு விடுறதுக்கும் ஒரு மீட்டர் மாட்டிருவாரு" என்று மனைவி மாடிவீட்டு டீச்சரிடம் சொல்லிச் சிரித்தாள். டீச்சர் தன் வீட்டு டிவியையும் அப்படியே செய்து தரச் சொன்னார். அடுத்த மாதம் கட்டணம் குறைந்தது. விஷயம் பரவி, பதினோரு வீடுகளில் அவர் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுத்தார்.

ஒருநாள் மனைவி சொன்னாள், "ஏங்க, படம் மங்கலா இருக்குங்க."

"வெளிச்சத்தக் கொறச்சிருக்கேன்ல. போகப் போகப் பழகிரும்."

அவள் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டாள். சில மாதம் கழித்து மறுபடி சொன்னாள், "ஓரத்துல யாரு நிக்கிறான்னே தெரியலங்க."

"கதாநாயகி நடுவுலதான நிப்பா. அவளப் பாரு" என்றார். அவளும் சிரித்துவிட்டாள். மூன்றாவது முறை சொன்னபோது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். நடக்கும்போது கதவு நிலையில் தோள் இடித்துக்கொள்வாள். நடைவழியில் விளக்கை அணைத்து வைப்பதால்தான் என்று இருவருமே நினைத்தார்கள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது, அம்மா டிவிக்கு ஒரு முழம் கிட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அப்பாவின் கஞ்சத்தனத்தைத் திட்டிக்கொண்டே வெளிச்சத்தை நூறுக்கு ஏற்றினாள். கூடமே பளிச்சென்று ஆனது. மீட்டர்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"ஏன், இன்னும் நீ கூட்டலையா?" என்றாள் அம்மா.

மறுநாள் கண் டாக்டர் வெகுநேரம் சோதித்துப் பார்த்தார். "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போச்சு. போன பார்வை திரும்பாது. ஆரம்பத்துலயே வந்திருந்தா பாதியையாவது காப்பாத்தியிருக்கலாம். மங்கலா தெரியுதுன்னு இவங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"சொன்னா. என்கிட்டதான் சொன்னா" என்றார் அவர்.

அந்த வாரம் அவர் பதினோரு வீடுகளுக்கும் போனார். ஒவ்வொரு வீட்டிலும் வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவிட்டு, வீட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, "ஓரம் வரைக்கும் தெளிவா தெரியுதா?" என்று கேட்டார். எல்லோரும் தெரிகிறது என்றார்கள். டீச்சர் அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவர் அதைக் குடிக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மதியம் மனைவியே பேச்சை எடுத்தாள். "நீங்க வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும். ஆனா மூணு தடவ சொன்னேன். ஒரு தடவயாவது என் நாற்காலில வந்து உக்காந்து பாத்திருக்கலாம்."

"ஆமா" என்றார்.

சொட்டு மருந்து விட்டும், மிச்சமிருந்த பார்வை அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட்டது. இப்போது இரண்டு மணிக்கு அவரும் அவள் பக்கத்தில் உட்காருகிறார். திரையில் நடப்பதை அவருக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறார்.

"ஒரு பொண்ணு உள்ள வர்றா. பச்சைப் புடவை."

"மூத்த மருமகளா, சின்னவளா?"

இத்தனை வருடத்தில் அவர் அந்தத் தொடரை ஒரு நாளும் பார்த்ததில்லை. "யாருன்னு தெரியல" என்கிறார்.

"பேசட்டும், சொல்றேன்" என்று அவள் காதைக் கொடுத்துக் காத்திருக்கிறாள்.

சில நாள் பாதியிலேயே "போதுங்க" என்று சொல்லிவிடுகிறாள். அவர் அணைத்துவிடுகிறார். அதன் பிறகு இருவரும் அங்கிருந்து எழுந்திருக்க வெகுநேரம் ஆகிறது.