அஞ்சலை அக்காவின் லேடீஸ் சைக்கிள்

போன மாதம் கடற்கரைப் பக்கம் போனபோது, மழைக்கு ஒரு காபிக்கடையில் ஒதுங்கினேன். அங்கே ஒரு காபி என்ன விலை என்று முன்பே தெரிந்திருந்தால் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போயிருப்பேன். உட்கார்ந்துவிட்ட பிறகு எழுந்திருக்கக் கூச்சம். எதிர்ச் சுவரில் ஒரு லேடீஸ் சைக்கிளைத் தூக்கி மாட்டியிருந்தார்கள். வெளிர்பச்சைப் பெயின்ட். கீழே ஒரு பலகை: பிரெஞ்சு மதாம் ஒருவர் ஓட்டியது, நூறு வருஷப் பழசு.

நான் சைக்கிள் நிபுணன் இல்லை. பஞ்சர் ஒட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்த வண்டியின் ஹேண்டில்பாருக்குக் கீழே டிபன் கேரியர் மாட்டுவதற்காகப் பற்றவைத்த கொக்கி ஒன்று இருந்தது. எந்த மதாம் சோற்றுத் தூக்கோடு சைக்கிளில் போயிருப்பாள்? முன்குழாயில் முடிச்சுபோல ஒரு பற்றவைத்த ஒட்டு. என் அக்காவின் சைக்கிளும் முதலியார்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டுவண்டி இடித்து அதே இடத்தில்தான் ஒடிந்தது. நாற்காலி போட்டு ஏறினேன். சீட்டுக்கு அடியில் குழாயில் நம்பர் அடித்திருப்பார்கள். நகத்தால் பெயின்டைச் சுரண்டினேன், நம்பர் தெரிந்தது. கடைப்பையன் பதறி ஓடிவந்தான். நான் இறங்கவில்லை. உப்பளம் பக்கம் குடியிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஒன் சைக்கிள் நம்பர் ஞாபகம் இருக்கா?"

"இல்லாம எங்க போவும்?" என்று கடகடவென்று ஒப்பித்தாள். ஓர் எண்கூடப் பிசகவில்லை.

பெயின்ட் வாசனையோடு எனக்குள் மண்ணெண்ணெய் வாசனையும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவாள். துடைப்பது என் வேலை. துடைத்த கையோடு சோறு தின்று திட்டு வாங்குவதும் நான்தான். அவள் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தாள். சம்பளத்தில் சீட்டுக் கட்டி நேரு வீதியில் புதிதாக வாங்கிய வண்டி. பிரெஞ்சுக்காரன் ஊரைவிட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வண்டியும் நம் நாட்டில் செய்ததுதான். ராடு பிரேக், முழு செயின் கவர், சேலை மாட்டாமலிருக்கப் பின்சக்கரத்துக்கு வலை. தெருவில் சிலர் கனைப்பார்கள். அக்கா மணி அடித்துக்கொண்டே போய்விடுவாள்.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், சைக்கிள் ஓட்டுகிற பெண் அடங்கமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மறுநாளே மில் ஸ்டாண்டில் இருந்த வண்டியை எடுத்து விற்றுவிட்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தவள் வண்டியைக் காணாமல் நேரே போலீஸுக்குப் போனாள். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் என்ன மாடல், எப்போது வாங்கியது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்த நம்பரை அன்றைக்கே அவள் மனப்பாடமாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள் என்றார் நைனா.

"நான் வாங்குன வண்டி. கேக்காம எடுத்தா திருட்டுதான்."

"பெத்த அப்பன திருடன்றியா?"

"எடுத்தது நீதான?"

ஸ்டேஷனில் நைனாவை உட்காரவைத்து விசாரித்தார்கள். பிறகு, குடும்ப விஷயம் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அக்கா மன்னிக்கவில்லை. போலீஸ் வரைக்கும் போன பெண் வேண்டாம் என்று அதன்பிறகு வந்த மாப்பிள்ளை வீட்டாரும் ஒதுங்கினார்கள். அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மில் மூடும்வரை நடந்தே வேலைக்குப் போனாள். நைனா சாகும்வரை தான் செய்தது சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் ஆறவில்லை.

அடுத்த நாள் அக்காவை அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். முதலாளி சின்னப் பையன், மரியாதையானவன். பழைய இரும்புக்கடையில் வாங்கியதாம்.

"ஆன்ட்டி, பிரெஞ்சுன்னு போட்டாத்தான் நின்னு போட்டோ எடுக்கறாங்க."

"எடுக்கட்டும். இது மில்லுல வேல செஞ்ச அஞ்சலையோட வண்டின்னு எழுதி வச்சிட்டு எடுக்கட்டும்."

மாற்றிவிடுகிறேன் என்றான். பத்து நாள் கழித்துப் போனபோது சுவர் வெறுமையாக இருந்தது. கனகசெட்டிக்குளத்துப் பக்கம் ஒரு விடுதிக்காரர் கேட்டாராம், கொடுத்துவிட்டானாம். அந்த மதாம் பலகையையும் சேர்த்தேதான். நான் போட்ட சத்தத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவிடம் போனில் சொன்னேன்.

"இவனும் கேக்கலியா," என்றாள்.

திரும்பும்போது மில் வழியாக வந்தேன். ஒரு காலத்தில் சங்கு ஊதியதும் இந்த வாசலிலிருந்து பெண்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் பஞ்சுத் தூசியோடு, உரக்கப் பேசிக்கொண்டு வருவார்கள். பஸ்காரன்கூட நிறுத்தி வழிவிடுவான். இப்போது பூட்டிய கேட்டும் முள்ளுச்செடியும்தான். அங்கே நின்றுகொண்டிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தியிடம், இது என்ன இடம் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியல அங்கிள்," என்றாள். "ஏதோ பிரெஞ்சு பில்டிங்னு சொல்றாங்க."