சத்தியம் செய்த திராட்சை ரசம்

அன்று மதியம் மூன்று மணி. டைபாய்டு வந்து தேறிக்கொண்டிருந்த என் ஏழு வயது மகள் கூடத்தில் நிற்க முடியாமல் சரிந்தாள். பக்கத்தில் திராட்சை ரச பாட்டில் காலியாகக் கிடந்தது. ரத்தம் ஊறும் என்று என் ஆபீஸ் சிநேகிதர் ரகுபதி கொடுத்தது. தித்திப்பாக இருந்ததால் அவளே எடுத்துக் குடித்துவிட்டாள்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். தென்னூர் டாக்டர் அவள் வாயை முகர்ந்தார். "இது மதுங்க. பாலிஷ் போடுற ஸ்பிரிட் கலந்திருந்தா கண்ணே போயிடும். எதுல செஞ்சதுன்னு உடனே தெரியணும்."

ஸ்ரீரங்கத்துக்கு ஆள் அனுப்பி ரகுபதியை வரவழைத்தேன். "வெறும் ஜூஸ்தான், பெருமாள் சத்தியமா!" என்று டாக்டரிடம் சாதித்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "மதுவிலக்குக் கேஸ் ஆனா என் வேலை போயிடும் சார், எப்படியாவது சமாளிங்க" என்று கெஞ்சினார். குழந்தை கிடந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. இவரையா இத்தனை வருஷம் கூடப்பிறந்தவராக நினைத்தேன்?

மகள் இப்போது நலம். யார் அன்பாகக் கொடுத்தாலும் டாக்டரிடம் காட்டாமல் எதையும் நான் அவளுக்குத் தருவதில்லை. ரகுபதியோடு பேசுவதுமில்லை.

அன்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தபோதே, நான் அனுப்பிய ஆளிடம் விவரம் கேட்டறிந்து, ரகுபதியின் மனைவி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கணவரைப் பார்க்காமலே சொன்னார்: "ஸ்பிரிட் இல்லைங்க டாக்டர். திராட்சையும் சர்க்கரையும் போட்டு இவரே புளிக்கவெச்சது. எனக்கும் டானிக்னுதான் தினம் கொடுத்தார். பானை ரிக்‌ஷாவுல இருக்கு, நீங்களே பாருங்க."