சனிக்கிழமை செய்முறை வகுப்பு

சில வருடங்களுக்கு முன், முப்பத்தாறு வயதில் நான் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இடம், காரைக்கால் நகரத்தை ஒட்டியிருக்கும் ஓர் அரசுப் பள்ளி. அங்கன்வாடியில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்றார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். அம்மா படுத்த படுக்கையானதும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அத்தோடு படிப்பு போயிற்று.

தனித்தேர்வராக எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறை வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும். அதனால் சனிக்கிழமைகளில் சமைத்து வைத்துவிட்டு, கோட்டுச்சேரியிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். பெரிய பள்ளிக்கூடம் அது. கம்ப்யூட்டர் அறை, திரையில் பாடம் காட்டும் வகுப்பறை, கைப்பந்து மைதானம் எல்லாம் உண்டு. ஆய்வகத்தில் வரிசையாக மேஜைகள், ஒவ்வொரு மேஜையிலும் தொட்டி, குழாய். நான் படித்த பள்ளியில் ஆய்வகம் என்றால் ஒரு பூட்டிய அலமாரி, அவ்வளவுதான்.

முதல் நாள் அறிவியல் டீச்சர் உள்ளே வந்ததும் எனக்குப் பகீரென்றது. ஒன்பதாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். நான் நின்றுவிட்டேன், அவள் மேலே படித்தாள். புதுச்சேரியில் வேலையில் இருக்கிறாள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். மாற்றலாகி இங்கே வந்தது தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வருகை எடுக்கும்போது என் பெயரைப் படித்தாள். ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் வாராவாரம், "லென்ஸ இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க", "அளவ குறிச்சுக்கிட்டீங்களா?" என்று எல்லோரிடமும் பேசுகிற மாதிரியேதான் என்னிடமும் பேசினாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது, நல்லதாயிற்று என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது என்னவோ போல் இருக்கும். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவளுக்கு என் முகம்கூடவா நினைவில்லை?

ஒரு சனிக்கிழமை, நீரில் கரைத்தால் சூடாகிற பொருள் எது, குளிர்கிற பொருள் எது என்று பார்க்கிற பரிசோதனை. என்னோடு சேர்ந்து செய்தவள் ஒரு முஸ்லிம் பெண். கணவர் துபாயில், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருவாள். அவள் தெர்மாமீட்டரைப் பிடித்திருக்க, நான் சோடியம் ஹைட்ராக்சைடைக் குவளையில் போட்டேன். வெள்ளை வெள்ளையாகச் சின்ன வில்லைகள். கொஞ்சம் மேஜைமேல் சிதறிவிட்டது. அடுப்பங்கரைப் பழக்கம், அப்போதுதான் கழுவிய ஈரக் கையால் அப்படியே வழித்து அள்ளினேன்.

"தொடாதடி!"

ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. டீச்சர் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து உதறி, குழாயைத் திறந்தாள். நூல் மாதிரி ஒழுகிற்று. விடுமுறை நாள், யாரும் மோட்டார் போட்டிருக்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு வராந்தாவின் கடைசியில் இருந்த குடிநீர்த் தொட்டிக்கு ஓடினாள். அங்கே தண்ணீர் கொட்டியது. என் உள்ளங்கையை விரித்து அதில் பிடித்துக்கொண்டாள். அவள் புடவையெல்லாம் நனைந்தது.

"எரியுதா?"

"இல்ல. சோப்பு போட்ட மாதிரி வழவழன்னு இருக்கு."

"தோல அரிச்சா அப்படித்தான் இருக்கும். கைய எடுக்காத."

எரிச்சல் பிறகுதான் வந்தது. அவள் பிடியை விடவில்லை.

"என்னைத் தெரியுதா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"மொத நாளே தெரிஞ்சுது. நீ குனிஞ்சுக்கிட்ட. சரி, வேணும்னா அவளே பேசட்டும்னு விட்டுட்டேன்."

"நான் பேசாமயே போயிருந்தா?"

"ரிசல்ட் வர்ற அன்னைக்கு ஒன் வீட்டுக்கு வர்றதா இருந்தேன்."

இன்னொரு கையால் அவள் புடவைத் தலைப்பைத் தண்ணீரிலிருந்து விலக்கிப் பிடித்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் எல்லோரையும் கூப்பிட்டு, "இந்த வில்லைய கையால தொடக்கூடாது, ஸ்பூன்லதான் எடுக்கணும். நான் மொதல்லயே சொல்லிருக்கணும், என் தப்புதான்" என்றாள். உண்மையில் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். நான்தான் அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, காதில் வாங்காமல் இருந்திருக்கிறேன். என்னோடு இருந்த பெண்ணுக்கு அது தெரியும். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு என் பக்கம் வந்து, "சூடு எவ்வளவு ஏறுச்சுன்னு பாத்தீங்களா? இல்லையா? அப்ப திரும்பச் செய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வலது கையில் மருந்தோடு, இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் செய்தேன். சாயங்காலம் அவளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். பெரிய காயம் இல்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து, சீக்கிரமே ஆறிவிட்டது.

செய்முறைத் தேர்வில் எனக்குக் குவிலென்ஸ் வந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற தென்னை மரம் திரையில் தலைகீழாக, ஓலை ஓலையாகத் தெரிந்தபோது, தேர்வாளர் பக்கத்தில் நிற்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். கணக்கில் தட்டுத் தடுமாறித்தான் தேறினேன். அந்த வருடம் வேலை கிடைக்கவில்லை, அடுத்த முறை கிடைத்தது.

அங்கன்வாடிக்கு முதல் நாள் வரும் குழந்தை வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும்போது, நான் கையைப் பிடித்து இழுப்பதில்லை. என்னை அடையாளம் கண்டும் அத்தனை வாரம் என் கூச்சத்துக்கு இடம் விட்டுக் காத்திருந்தவளை நினைத்துக்கொண்டு, அது தானாக உள்ளே வரும்வரை என் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.