இன்னொரு தடவை கேட்பார்கள்

பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளியில் அவருக்கு 'வேண்டாம் சார்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மாணவர்கள், அலுவலகத்தார், கேன்டீன்காரர் என்று எல்லார் வாயிலும் இதுதான். காபி சாப்பிடுகிறீர்களா என்றால் வேண்டாம் என்பார். உட்காருங்கள் என்றால், பரவாயில்லை, வேண்டாம் என்பார். இன்னொரு தடவை கேட்டால், "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால" என்று வாங்கிக்கொள்வார். வாங்கிய காபியை நுரை கூட மிச்சம் வைக்காமல் குடிப்பார். "வேண்டாதவர் குடிக்கிற குடியா இது?" என்று கேன்டீன்காரர் காலி டம்ளரைத் தூக்கிப் பார்த்துக் கேட்பார்.

இதில் வேடிக்கை, அவர் எம்பிஏ மாணவர்களுக்கு நடத்தும் பாடமே பேரம் பேசுவதுதான். இருபத்தைந்து வருஷமாக அதைத்தான் நடத்துகிறார், நன்றாகவும் நடத்துவார். முதல் வகுப்பில் தவறாமல் ஒன்று சொல்வார்: "எதிராளி முதல்ல சொல்ற வேண்டாமை நம்பாதீங்க. வேண்டாம்னு சொல்லிட்டு எழுந்து போகாம உக்காந்திருக்கான்னா, அவனுக்கு வேணும்னு அர்த்தம். இன்னொரு தடவை கேளுங்க." மாணவர்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

கல்யாணமே அப்படி நடந்ததுதான். அவர் மனைவி பல் டாக்டர். படிக்கிற காலத்தில் இருவரும் ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள். கட்டிக்கொள்ளலாமா என்று அந்த அம்மாள்தான் கேட்டார். இவர், உங்களுக்கு என்னைவிட நல்ல இடம் கிடைக்கும், வேண்டாம் என்றார். மறுவாரமும் கேட்டார், அதே பதில். மூன்றாவது தடவை, "பஸ் வருது. இதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்" என்றதும் இவர் அலறிப் புடைத்துக்கொண்டு சம்மதம் சொன்னார். அன்றிலிருந்து அந்த அம்மாள் வீட்டில் எதையும் இரண்டு தடவை கேட்கப் பழகிக்கொண்டார். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்க வைப்பதுதான் தொழில் என்பதால், அது பெரிய சிரமமாகத் தெரியவில்லை.

ஒன்றரை வருஷம் முன்பு பள்ளியின் டீன், பாதி வருஷத்தில் வேறு பெரிய இடம் கிடைத்துப் போய்விட்டார். துணைவேந்தர் இவரைக் கூப்பிட்டு, "ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்க பொறுப்பு பாருங்க" என்றார். வேண்டாம் சார் வழக்கம்போல வேண்டாம் என்றார். துணைவேந்தருக்கு வேறு ஆள் இல்லாததால் மறுபடியும் கேட்டார். அறை வாசலில் 'டீன் (பொறுப்பு)' என்று ஒரு பலகை ஏறியது.

போன டீன் போவதற்கு முன் ஒரு புது நாற்காலி வரவழைத்திருந்தார். உயரமான முதுகு, கறுப்புத் தோல். அது வந்து இறங்குவதற்குள் அவர் போய்விட்டதால், பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் மேஜைக்குப் பின்னால் நின்றது. வேண்டாம் சார் அதில் உட்காரவில்லை. தன் பழைய நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, பார்வையாளர்கள் உட்காரும் பக்கத்தில் போட்டுக்கொண்டு அங்கிருந்தே கையெழுத்துப் போட்டார். பார்க்க வருபவர்கள் அவருக்குப் பக்கத்தில் உட்கார, இரண்டு பேருமாக ஒரு காலி நாற்காலியிடம் மனு கொடுப்பது போல இருக்கும்.

ஆனால் வேலை நடந்தது. ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த மாலை நேர வகுப்புகளின் கால அட்டவணையை அவரே உட்கார்ந்து பிரித்தார். கணக்கியல் துறைக்கும் சந்தைப்படுத்தல் துறைக்கும் கார் நிறுத்துமிடத்தில் நடந்த பங்காளிச் சண்டையைத் தீர்த்தார். நாலு வருஷமாக எட்டிப் பார்க்காத இரண்டு பெரிய கம்பெனிகளைப் போய்ப் பேசி, மாணவர்களை வேலைக்கு எடுக்க வரவழைத்தார். கூரையிலிருந்து ஒழுகும் ஏசிக்குக் கீழே வாளி வைப்பதை விட்டுவிட்டு, ஏசியையே சரி பண்ணச் சொன்ன முதல் டீன் அவர்தான்.

அந்த வேலை அவருக்குப் பிடித்துவிட்டது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் படியேறும்போது இன்றைக்கு என்ன தகராறு காத்திருக்கிறதோ என்று நினைத்தால் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி ஓர் ஆசை வருவது வெட்கமாகவும் இருந்தது. அந்தப் பலகையில் அடைப்புக்குறி போய்விட்டால் எப்படி இருக்கும் என்று வாசலில் நின்று பார்த்துக்கொள்வார்.

கடைசியில் நிரந்தர டீனுக்கு ஆள் தேட மூன்று பேர் குழு போட்டார்கள். தலைவி, வேதியியலில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுபவர். விளம்பரம் வந்த வாரத்தில் அந்த அம்மாள் நேராக டீன் அறைக்கு வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புரொபசர், இந்த வேலைக்கு நீங்க அப்ளை பண்றீங்களா?"

"எனக்கு எதுக்குங்க மேடம்? வெளியிலிருந்து நல்ல ஆளா பாருங்க. எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு, அவர் பாடத்தில் சொல்கிறபடியே, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் அவர் வகுப்பில் படித்தவர் இல்லை. "சரி" என்று சொல்லி எழுந்து போனார்.

"இன்னொரு தடவை கேப்பாங்க" என்று அன்று வீட்டில் சொன்னார் வேண்டாம் சார்.

"யாரு?"

"குழுத் தலைவிதான். மரியாதைக்கு ஒரு தடவை கேட்டிருக்காங்க. கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கே."

மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

"நானா போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்?"

"அழுத பிள்ளைக்குத்தாங்க பால்."

"அழாத பிள்ளைக்கும் பசிக்கும்னு பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அந்த அம்மா உங்களைப் பெத்தவங்க இல்ல" என்றார் மனைவி. "நானும் இல்ல. ஊர்ல எல்லாரும் ரெண்டு தடவை கேக்க மாட்டாங்க. அவங்கவங்க பஸ்ஸைப் பிடிக்கணும்."

அவர் சிரித்து மழுப்பினார். ஆனால் மறுநாள் தையல்காரரிடம் போய் ஒரு கோட்டுக்கு அளவு கொடுத்தார். கருநீலம். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் போட்டுக்கொள்ள என்று தையல்காரரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்தது, வேலை உத்தரவை மடித்து வைக்கத் தோதாக உள்பையை ஆழமாக வைத்தார். அந்த வாரம் போன் அடிக்கும்போதெல்லாம் வேண்டாம் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். ஒருநாள் பழைய மாணவி ஒருத்தி கூப்பிட்டாள். அவரிடம் படித்து, அவருக்குக் கீழே கொஞ்ச காலம் வேலை பார்த்து, இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருப்பவள். "டீன் வேலைக்கு நீங்க நிக்கறதா இருந்தா நான் மனு போடல சார்" என்றாள். "தாராளமா போடும்மா, எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்றார். தன் வாய் தனக்கே கொள்ளி வைப்பதைக் காதால் கேட்டுக்கொண்டே சொன்னார்.

கடைசித் தேதி வந்தது, போனது. அதற்கு அடுத்த வாரம் குழுத் தலைவியின் போன் வந்தது. அவர் எழுந்து நின்று எடுத்தார்.

"புரொபசர், ரெண்டு பேரைத் தேர்வு பண்ணியிருக்கோம். நீங்க போட்டியில இல்லாததால, வர்றவங்களுக்குப் பள்ளியைச் சுத்திக் காட்டி, கூட இருந்து சாப்பிட வைக்க முடியுமா?"

"அதுக்கு நான் வேண்டாமே மேடம்..."

"சரி, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"இல்ல இல்ல, நானே வர்றேன்!"

இந்த அம்மாளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவர் கற்றுக்கொண்டது அந்த நிமிஷம்தான். என்ன பயன்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றார். முதலில் வந்தவர் பெரிய கம்பெனியிலிருந்து வந்த மனிதர். மூச்சுக்கு ஒரு தடவை உலகத்தரம் என்றார். நூலகத்தைக் காட்டினால் தலையாட்டினார், வகுப்பறையைக் காட்டினால் தலையாட்டினார். டீனின் காரை எங்கே நிறுத்துவார்கள் என்பதை மட்டும் நின்று விசாரித்தார்.

இரண்டாவதாக வந்தவள் அந்த மாணவி. அவள் எதையும் காட்டச் சொல்லவில்லை. மாலை வகுப்பு ஆசிரியர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று கேட்டு, அந்த ஜன்னல் இல்லாத அறைக்குப் போய் அவர்களோடு பேசினாள். பிறகு அரங்கில் அவள் பேசியபோது, இளம் ஆசிரியர் ஒருவர் எழுந்து, "வர்ற டீன் எல்லாம் ரெண்டு வருஷத்துல போயிடறாங்க, நீங்களும் அப்படித்தானே?" என்று கேட்டார். கூட்டம் திக்கென்றது. அவள் கோபப்படவில்லை. "கேக்க வேண்டிய கேள்வி. போறதா இருந்தா முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுப் போறேன்" என்றாள். வேண்டாம் சாருக்கு, நன்றாகப் பதில் சொல்லிவிட்டாளே என்று இருந்தது. தான் சொல்லிக் கொடுத்த பெண் என்ற பெருமையும் கூடவே எழுந்தது, அதுதான் இன்னும் தாங்கவில்லை.

டீன் அறையில் பாலிதீன் சுற்றிய நாற்காலியையும், எதிர்ப்பக்கம் கிடந்த அவருடைய பழைய நாற்காலியையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள்.

"சார், நான் உங்க வகுப்புல உக்காந்தவ. உங்களுக்கு நிஜமாவே வேண்டாமா? இல்ல, இது முதல் வேண்டாமா?"

இத்தனை நாள் அவர் காத்திருந்த இரண்டாவது கேள்வி வந்தேவிட்டது. ஆனால் கேட்கக் கூடாத ஆளிடமிருந்து வந்தது. இப்போது ஆமாம் என்றால் அவள் எழுந்து போய்விடுவாள். அவளை அவருக்குத் தெரியும்.

"மூணாவது வேண்டாம்மா" என்றார். "ஆறிப் போகுது, சாப்பிடு."

இரண்டு நாள் கழித்துக் குழுத் தலைவி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கூட இருந்து பாத்தவர் நீங்க. ஒளிக்காம சொல்லுங்க. ரெண்டு பேருமே சரியில்லைன்னா மறுபடி விளம்பரம் குடுத்துடுவோம். இன்னும் ஆறு மாசம் நீங்க பாத்துக்க மாட்டீங்களா என்ன?"

அவர் மனசு கணக்குப் போட்டது. மறுபடி விளம்பரம் வந்தால் இந்தத் தடவை முதல் நாளே மனுப் போடலாம். பொய்கூடச் சொல்ல வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு வயது குறைவு, நிர்வாக அனுபவம் போதாது, இரண்டுமே நிஜம். "கொஞ்சம் அனுபவம்..." என்று ஆரம்பித்தார். ஜன்னல் இல்லாத அந்த அறையில் மாலை வகுப்பு ஆசிரியர்களோடு அவள் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. ஒன்றரை வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் போனதே இல்லை.

"அனுபவம் வந்துடும் மேடம். அந்தப் பொண்ணை எடுங்க."

"யோசிச்சுத்தானே சொல்றீங்க?"

"யோசிச்சுட்டேன்."

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நல்லது. எங்களுக்கும் அதேதான் பட்டுது. இனிமே சொன்னா தப்பில்ல. முதல் கூட்டத்துல மூணு பேருமே உங்க பேரைத்தான் சொன்னோம். அதனாலதான் நான் உங்க ரூமுக்கே வந்து கேட்டேன். நீங்க வேண்டாம்னுட்டீங்க. அவங்கவங்க மனசு அவங்கவங்களுக்குத்தானே தெரியும்னு விட்டுட்டோம்."

அவருக்குக் காது அடைத்தது. எதிரே அந்த அம்மாளின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கடைசியில் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

"காபி சாப்பிடறீங்களா?"

"வேண்டாம் மேடம்."

ஒரே ஒரு காபி வந்தது. அதை அவர் எதிரிலேயே அந்த அம்மாள் குடித்தார்.

புது டீன் பொறுப்பேற்பதற்கு முந்தின நாள், வேண்டாம் சார் தன் பழைய நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்ப் பழைய அறையில் விட்டார். திரும்பி வந்து அலுவலகத்தில் கத்தரிக்கோல் வாங்கி, புது நாற்காலியின் பாலிதீனை அவரே வெட்டிப் பிரித்தார். கைப்பிடியில் ஒட்டியிருந்த கோந்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று தோன்றியது. அறையில் யாரும் இல்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. பாலிதீனைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் திணித்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் மனைவி கிளினிக்கிலிருந்து அப்போதுதான் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவருக்காகக் காத்திருந்தார். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். தையல்காரர் ஆழமாக வைத்த உள்பை காலியாக வெளியே தெரிந்தது.

"எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. நல்ல பொண்ணு. நல்லா நடத்துவா."

"உங்களுக்கு வருத்தமா இருக்கா?"

கேட்ட கையோடு, முப்பது வருஷப் பழக்கத்தில், இன்னொரு தடவை கேட்பதற்காக மனைவி வாயைத் திறந்துவிட்டார்.

"ஆமா" என்றார் அவர். "ரொம்ப. எனக்கு அந்த வேலை வேணும்னு இருந்துச்சு."

அந்த அம்மாள் திறந்த வாயை மூடிக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.