நீல வெளிச்சத்தில் ஒரு நாற்காலி

மதுரையில் பழைய ஆலை முதலாளி ஒருவரின் மாளிகையை அருங்காட்சியகமாகவும் ஓவியக்கூடமாகவும் மாற்றியிருக்கிறார்கள். ஒரு மத்தியானம் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி அதைப் பார்க்கப் போனேன். மாடியறையில் என்னையும் காவலுக்கு இருந்த பெண்மணியையும் தவிர யாருமில்லை. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, கொண்டையில் துண்டுக் கதம்பம்.

ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் நீலமாகத் தரையில் விழுந்திருந்தது. அது நகர நகர, அவரும் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். ஓவியங்களை விட்டுவிட்டு நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வெளிச்சம் ரொம்பப் பிடிக்குமாக்கா?"

"தண்ணிக்குள்ள இருக்க மாதிரி இருக்கும் சார்" என்று சிரித்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். "எங்கம்மா இவுக மில்லுலதான் வேலை பாத்துச்சு. வேலைய விட்டு நிப்பாட்டவும், முதலாளியப் பாத்துப் பேசணும்னு அந்தா அந்தக் கேட்டுல மூணு நாளு நின்னுச்சு. நானும் கூட நின்னேன். அம்புட்டு வெயிலு. உள்ளயே விடல."

"இங்க உக்காந்திருக்கும்போது கோவம் வராதா?"

"வரும்னு நெனச்சுத்தான் சார் இந்த வேலைக்கே வந்தேன். வந்து உக்காந்தா தூக்கந்தான் வருது." சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "அம்மாவுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு."

அந்தத் தாய் இதைக் கேட்டிருந்தால் மகளைத் திட்டியிருப்பாரா, இவளாவது உள்ளே போய் உட்கார்ந்தாளே என்று நிம்மதியடைந்திருப்பாரா? திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.