ஒன்பது வள்ளம் என்று சொன்னவர்

எங்கள் மீன் கம்பனியை வாங்க ஆள் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோதே எனக்கு மனம் ஒப்பவில்லை. அது ஆனி மாதம். உப்புவெளியில் விடுதிகள் எல்லாம் நிரம்பி, எங்கள் இரண்டு லொறிகளும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்த நேரம்.

கம்பனி என்றால் நானும் குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணனும்தான், அவரை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் குளிர்ப்பெட்டி வைத்த லொறி ஒன்று இருந்தது. இறக்கக்கண்டி வள்ளக்காரர் அவரை நம்பினார்கள். நான் விடுதி ஒன்றில் வேலை செய்தவள். எந்தக் குசினிக்கு எந்த மீன் எத்தனை மணிக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும். விடுதிக்காரர் காலையில் எங்கள் செயலியில் ஓடர் போட்டால் மத்தியானத்துக்குள் மீன் போய்விடும். இரண்டாம் வருடம் கொழும்பு நிறுவனம் ஒன்று எங்களை நம்பி முதல் போட்டு, ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. இரண்டாவது லொறி அப்படி வந்ததுதான். அவர்களுக்கு மாதம் ஓர் அறிக்கை எழுதி அனுப்புவது என் வேலை.

வாங்க வந்தது பெரிய ஏற்றுமதிக் கம்பனி. சொன்ன விலையும் நல்ல விலை. ஆனால் அவர்களுடைய கேள்விகள்தான் முடியவில்லை. லொறிகளின் பத்திரங்களைக் கேட்டார்கள், கொடுத்தோம். விடுதிகளோடு செய்த ஒப்பந்தங்களைக் கேட்டார்கள். பிறகு கொடுத்ததையே வேறு படிவத்தில் கேட்டார்கள். ஆவணி பாதி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. வாடைக்காற்று தொடங்கினால் வள்ளம் இறங்காது, விடுதிகள் பாதி பூட்டிவிடும். அந்த நேரம் வந்து உட்கார்ந்து, இதுதானா உங்கள் வியாபாரம் என்று கேட்டால் நாங்கள் என்ன சொல்வது?

அந்த வாரமே அந்தக் கம்பனியின் மனேஜர் எனக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், ரெண்டாவது லொறியில குளிர் மெசின் சரியில்லையாமே. இறக்கக்கண்டியிலயும் இப்ப ஒன்பது வள்ளம்தான் உங்களுக்கு மீன் தருதாம்."

மெசின் பழுது எங்கள் இருவருக்கும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். நான் சொல்லவில்லை. அப்படியென்றால் நானாதான். கொஞ்ச நாளாக அவர் போன் வந்தால் எழுந்து வெளியே போவார். எங்கள் ஒபிஸ் உள்துறைமுக வீதியில் ஒரு கடைக்கு மேல்மாடி. படிக்கட்டில் நின்று மெல்லிய குரலில் கதைப்பார், நான் வந்தால் நிறுத்திவிடுவார். ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "அவவுக்கு இன்னும் சொல்லல்ல" என்றார். அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக்கூட எனக்கு நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை.

நாலாம் நாள் கேட்டேன்.

"நானா, அந்தக் கம்பனிக்காரரோட நீங்க தனியாக் கதைக்கிறீங்களா?"

அவர் தன் போனை எடுத்து மேசையில் வைத்தார். "பாருங்க."

நான் எடுத்துப் பார்த்தேன். படிக்கட்டில் நின்று கதைத்த அழைப்பெல்லாம் கட்டார் நம்பர் ஒன்றுக்கு.

"என்ட தம்பி. கம்பனிய வித்தா எனக்கு என்ன வேலை இருக்கு? இந்த வயசில அங்க டிரைவர் வேல ஏதும் கிடைக்குமா எண்டு கேட்டனான். உங்களிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மனேஜர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஒன்பதா?" என்றார் நானா. "பதினொண்டு வருகுதே. விட்டுப்போன ரெண்டு வள்ளமும் போன மாசமே திரும்பி வந்திட்டு."

நான் எனது கடைசி அறிக்கையைத் திறந்தேன். ஒன்பது என்றிருந்தது. பழைய எண்ணிக்கையைத் திருத்த மறந்திருந்தேன். அதற்குக் கீழேயே குளிர் மெசின் பழுதையும் நானே எழுதியிருந்தேன், அதுவும் மறந்துபோயிருந்தது. அந்த அறிக்கை போனது ஒரே ஓர் இடத்துக்கு, எங்களுக்கு முதல் போட்ட கொழும்பு நிறுவனத்துக்கு.

டவுனில் எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் கம்பனிப் பதிவுகளைத் தேடிப் பார்த்தார். எங்களுக்கு முதல் போட்ட நிறுவனத்துக்கு, வாங்க வந்த கம்பனியில் எங்களிடம் இருந்ததைவிடப் பெரிய பங்கு இருந்தது. எங்கள் விலை விழுந்தால் இங்கே நட்டப்படுவதை அவர்கள் அங்கே எடுத்துவிடுவார்கள். அந்தக் கொழும்பு நிறுவனத்தில் எங்கள் கணக்கைப் பார்க்கும் ஆளிடம் போனில் கேட்டேன்.

"விக்கிறதுக்கு உதவி செய்தது பிழையா மிஸ்?" என்று சிரித்தார்.

சட்டத்தரணி மூலம் இரண்டு இடத்துக்கும் கடிதம் போட்டோம். புரட்டாசி முடியும் வரைதான் அந்த விலை, அதற்குப் பிறகு விற்பனை இல்லை. கொழும்புக்குப் போகும் அறிக்கையில் இனி அவர்களோடு செய்த ஒப்பந்தம் கேட்கும் கணக்கு மட்டும்தான் இருக்கும். புரட்டாசி முடிந்தது, பதில் வரவில்லை. வாடை மாதங்களில் கிண்ணியாக் களப்பு இறாலை டவுனில் விற்றுச் சமாளித்தோம். அந்த மழைநாள் ஒன்றில் நானாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"சந்தேகம் எல்லாருக்கும் வரும், தங்கச்சி" என்றார். "ஆனா அண்டைக்கு நீங்க போனை எடுத்துப் பாக்க மாட்டீங்க எண்டு நினைச்சுத்தான் மேசையில வச்சனான்."



விடுதிகள் மறுபடி நிரம்பத் தொடங்கிய வைகாசியில் அதே கம்பனி திரும்பி வந்தது. அதே விலை, மூன்றே கிழமையில் கையெழுத்து. நானாவுக்கு லொறிகளுக்குப் பொறுப்பான வேலை என்பதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் நான் பேனையை எடுத்தேன். கையெழுத்து நாளில் அந்தக் கொழும்பு ஆளும் வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்து கைகொடுத்தார். நானா கட்டாருக்குப் போகவில்லை. வள்ளக்காரர் இப்போதும் விடியவே அவருக்குத்தான் போன் எடுக்கிறார்கள்.