திரும்ப வருதோ பாப்பம்

சசி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சிரித்தேன். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகம். அங்கு வேலை செய்யும் மூவரில் ஒருவரான ஜெரோம் தொலைபேசியில், "அக்கா, சசி அண்ணா செத்துட்டாராம்" என்றார். "தெரியுமே, இண்டைக்கு அவற்ற முறைதானே! வந்து தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு கதிரையில இருக்கச் சொல்லும்" என்றேன். ஜெரோம் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. முதல் நாள் இரவு சசி நெஞ்சு நோவு என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

சசியை நினைத்து இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு எங்கள் வெள்ளிக்கிழமைக் கூத்துத் தெரியாது. மாதத்தில் ஒரு வெள்ளி எங்களில் ஒருவர் 'செத்தவர்'. அவர் வாய் திறக்கக் கூடாது. மற்ற இருவரும் அவருடைய வேலையை வேறொரு கணினியில் திறந்து, கொட்டாஞ்சேனை மருந்தகம் ஒன்றுக்காக நாங்கள் எழுதிய நிரலை ஓடவைக்க வேண்டும். எந்தக் கடவுச்சொல்லும் ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது என்பது சசி போட்ட சட்டம். "ஆள் இல்லாட்டி நிக்கிற வேலை ஒரு வேலையே?" என்று கேட்பார். அவருடைய முறை வரும்போது, நாங்கள் பிழையான இடத்தில் தேடினால் கண்ணை உருட்டுவார். "செத்தவர் கண்ணை உருட்டப்படாது!" என்று ஜெரோம் அதட்டுவார்.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த அன்று சசியின் மனைவி வத்சலா என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்கட ஆள் இன்ரநெற்றில இருக்கிற கோப்புப் பெட்டியெல்லாம் சோதிச்சவர். இப்ப அவற்ற போன் திறக்குதில்லை. மகள் அபியின்ர படம், வீடியோ எல்லாம் அதுக்குள்ளதான். அவற்ற குரலும் அதுக்குள்ளதான். எடுத்துத் தரேலுமோ?" என்றார். மருதானையில் போன் திருத்தும் கடையில், உள்ளே இருப்பதை அழித்தால்தான் கைபேசியைத் திறக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. எங்களை வருடக்கணக்காகச் சாகப் பழக்கிய மனிதன் தன் வீட்டை மறந்துவிட்டாரே!

கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்கும் சேவைகள் பற்றிச் சசியிடம் யார் கேட்டாலும், எவ்வளவு இடம் தருகிறார்கள் என்ற பேச்சை எடுக்கவிட மாட்டார். "போடுறது லேசு. திரும்ப வருதோ பாப்பம்" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. மூன்று சேவைகளுக்கு அவர் பட்டப்பெயர் வைத்திருந்தார். ஏற்றி முடியுமுன்னே முடிந்தது என்று பச்சைக்குறி காட்டுவது புளுகன். கந்தோர்க் குமாஸ்தா போல மெல்ல மெல்ல ஏற்றினாலும் ஒழுங்காக ஏற்றுவது கிளாக்கர். ஒரே கோப்பை இரண்டு பேர் திருத்தினால் இரண்டு பிரதி எடுத்துவைத்துவிட்டு, ஊர்ச் சண்டையில் தலையிடாத கிராம அதிகாரி போல ஒதுங்கிக்கொள்வது விதானையார். கோப்பு பாதி ஏறும்போது சசி வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்துவார். கோட்டைக்குப் போகும் ரயிலில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, எது விட்ட இடத்தில் இருந்து தொடர்கிறது என்று பார்ப்பார். பக்கத்தில் நசிபடுகிறவர்களுக்கும் விளக்கம் சொல்வார். எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனாலும் எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டேன்.

ஒருநாள் எங்கள் நிரல் கோப்புகள் உள்ள முழு அடைவையும் புளுகனிடம் கொடுத்துப் பார்த்தார். பெரிய வீடியோவை ஒரே மூச்சில் விழுங்கிய புளுகன், ஆயிரக்கணக்கான பொடிக் கோப்புகளைக் கண்டதும் திணறிப் போனான். எங்களுக்கு அரைநாள் வேலை கெட்டது. நான் கத்தினேன். அவரோ, "ஏன் திணறினது எண்டு உமக்கு அறிய விருப்பமில்லையே?" என்றார். விருப்பம் இருந்ததுதான் என் கெட்டகாலம். இருவரும் சாப்பாட்டை மறந்து அதைத் தோண்டிக்கொண்டிருந்தோம்.

நிரல் எழுதப் பயன்படும் மென்பொருட்சூழல்களிலும் எங்களுக்கு ஒத்துவராது. என் கணினியிலேயே நிறுவிய, கனமான, எல்லா வசதியும் உள்ளதுதான் எனக்குப் பிடிக்கும். அவர் உலாவியில் திறக்கிற சூழலின் பக்கம். ஒரு வெள்ளி, நான் செத்தவளாக இருந்தபோது, கொட்டாஞ்சேனை மருந்தகத்தில் இருந்த பழைய கணினியில் என் வேலையைத் திறக்கப் போனார்கள். என் சூழலை அதில் நிறுவி முடிக்கவே பின்னேரமாகிவிட்டது. அவருடையது உடனே திறந்தது. அடுத்த வாரம் இணையம் அறுந்தபோது அவருடையது வெறும் வெள்ளைத்திரை; என்னுடையது ஓடியது. "இப்ப சொல்லும் பாப்பம்!" என்றேன். மனிதனுக்குத் தோற்ற முகமே இல்லை. "அப்ப ரெண்டும் வேணும்" என்று சிரித்தார்.

அவர் போன பிறகு, செத்தவர் கதிரை உண்மையாகவே வெறுமையாக இருக்க, அவருடைய வேலையை நானும் ஜெரோமும் திறந்தோம். எல்லாம் கிடைத்தது, மருந்தகத்தில் ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை. அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது. ஆனால் வத்சலா கேட்டது மட்டும் எங்கேயும் இல்லை. பிறகு, இடம் நிறைந்துவிட்டது என்று கிளாக்கரிடமிருந்து அறிவித்தல் வந்தது. மருந்தகத்துக் கோப்புகளுக்கு இடம் வேண்டுமே என்று, சசி பரீட்சைக்காக ஏற்றிவைத்தவற்றை அழிக்க உட்கார்ந்தேன். சோதினை 1, சோதினை 2 என்று இலக்கம் மட்டும் போட்ட கோப்புகள். அவற்றின் பருமனையும் ஏறிய நேரத்தையும்தான் நாங்கள் எப்போதும் பார்ப்போம். ஒருவரும் ஒன்றையும் திறந்ததில்லை. அழிக்கும் பொத்தானில் விரல் இருக்கும்போதுதான் கேள்வி வந்தது. இவ்வளவு பெரிதாக இந்த மனிதன் எதைத்தான் ஏற்றினார்?

திறந்தேன். வெள்ளவத்தைக் கடற்கரை. ரயில் தண்டவாளத்துக்கு இப்பால் நின்று ஐஸ்கிறீம் வழிய வழியச் சாப்பிடுகிறாள் அபி. அடுத்ததைத் திறந்தேன், அதிலும் அபி. அபியின் பிறந்தநாள், அபிக்குப் பல் விழுந்தது, வத்சலா சமைத்துக்கொண்டே ஏசுவது. பெரிய கோப்பு வேண்டுமென்று கைபேசியில் இருந்ததை எல்லாம் மூன்று பெட்டிகளிலும் ஏற்றியிருக்கிறார். "ஜெரோம், ஓடி வாரும்!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே புடவைக்கடைக்காரரும் வந்துவிட்டார்.

அன்றே வத்சலாவின் வீட்டுக்கு எடுத்துப் போனோம். கடற்கரை வீடியோவில் அபி கமெராவைப் பார்த்துக் கேட்கிறாள்: "அப்பா, இதை ஆர் பாக்கப் போயினம்?"

சசியின் குரல்: "ஒருத்தரும் பாக்க மாட்டினம், குஞ்சு. திரும்ப வருதோ எண்டு மட்டும் பாப்பம்."

வத்சலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அபி மட்டும், "இன்னொருக்கா போடுங்கோ அன்ரி" என்றாள்.

சசியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய வெள்ளிக்கிழமை. இப்போதும் ஒவ்வொரு மாதமும் ஒரு வெள்ளி மூன்று பெட்டிகளில் இருந்தும் ஒவ்வொரு சோதினைக் கோப்பை இறக்குகிறேன். பருமன் சரியா, நேரம் எவ்வளவு என்று பார்க்கிறேன். பிறகு திறந்து, கடைசிவரைக்கும் பார்க்கிறேன்.